டிவிடி டிரைவும் நான் பார்க்காத கல்யாணமும்

அந்த ஞாயிற்றுக்கிழமை உலகமே தலைகீழாக நின்றாலும் சரி, ஒரு கல்யாணத்தைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். அந்தக் கல்யாணம் நடந்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. இந்நேரம் மாப்பிள்ளையும் பெண்ணுமே அதை மறந்திருப்பார்கள். அதிலும் நான் அந்தக் கல்யாணத்துக்கு நேரில் போய் வந்தவன். முதல் பந்தியில் சாப்பிட்டு, ருசி சரியாகப் பிடிபடவில்லை என்று கடைசிப் பந்தியிலும் உட்கார்ந்து, நடுவில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி பிடித்துத் தூங்கி, முறையாகக் கலந்துகொண்டவன். அதையே மறுபடி டிவிடியில் பார் என்றால் எந்த மனுஷன் சம்மதிப்பான்?

நான் சம்மதித்தேன். சம்மதிக்கச் சொன்னது என் மனைவி. ஆனால் வாயால் மட்டும்தான் சம்மதித்தேன்.

இந்த வம்புக்கெல்லாம் காரணம் ஒரு வண்டிச் சாவி. அன்றைக்கு மண்டப வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பணிவாக நிற்கிறவர் வண்டி நிறுத்துகிற ஆளாகத்தான் இருப்பார் என்று நான் நினைத்ததில் என்ன தப்பு? ஸ்கூட்டர் சாவியை அவர் கையில் கொடுத்து, நிழலாகப் பார்த்து விடச் சொல்லி, டீ குடிக்கச் சில்லறையும் கொடுத்தேன். அவரும் மறுபேச்சு இல்லாமல் கொண்டுபோய் நிறுத்தினார். நன்றாகவே நிறுத்தினார், குறை சொல்லக் கூடாது. அப்புறம்தான் தெரிந்தது, அவர் என் மனைவியின் பெரியப்பா. பெண்ணைப் பெற்றவர். அந்த மண்டபத்துக்கு வாடகை கொடுத்தவரே அவர்தான்.

அன்றிலிருந்து என் மாமனார் வீட்டு வகையறாவில் எனக்குச் 'சாவி மாப்பிள்ளை' என்று பெயர் ஆகிவிட்டது. என் மனைவி இதற்காக அழவில்லை, சண்டை போடவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். அந்த இரண்டு நாளை நான் சந்தோஷமாகக் கழித்தேன் என்பதை மூன்றாம் நாள் கண்டுபிடித்தாள். அதைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இப்போது அதே பெரியப்பாவின் மகனுக்குக் கல்யாணம். அடுத்த மாதம். அதே மண்டபம், அதே கூட்டம், அதே வெள்ளைச் சட்டை. வியாழக்கிழமை இரவு சாப்பாட்டு மேஜையில் என் மனைவி அறிவிப்பு வெளியிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு உட்காருறோம். தங்கச்சி கல்யாண டிவிடி. ஒவ்வொரு ஆளா நிறுத்திக் கேட்பேன். யாரு, என்ன முறைன்னு சொல்லணும். தப்பா சொன்னா முதல்லேர்ந்து."

"டிவிடி எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம். நீங்க தப்பா சொல்ற நேரம் தனி."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத்தான் எங்கள் அலுவலக மனமகிழ் மன்றத்தின் கேரம் இறுதிப் போட்டி. வருஷா வருஷம் முதல் சுற்றிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறவன் நான். போன வருஷம் என்னைத் தோற்கடித்தவர் வலது கையில் கட்டுப் போட்டிருந்தார். அதற்கு முந்தின வருஷம் என் எதிராளி வரவே இல்லை, ஆனாலும் தோற்றேன், தேதி தெரியாமல் மறுநாள் போய் நின்றவன் நான். இந்த வருஷம் எப்படியோ, என் திறமையால் என்றே வைத்துக்கொள்ளுங்கள், இறுதிப் போட்டிவரை வந்துவிட்டேன். அந்தக் கப்பை வைப்பதற்காக டிவி மேல் இருந்த பூச்சாடியைக்கூட ஒதுக்கி இடம் பண்ணி வைத்திருந்தேன்.

இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். டிவிடியைச் சாயங்காலம் பார்க்கலாமே என்றேன். ஜெயித்தால் சந்தோஷத்தில் தூங்குவீர்கள், தோற்றால் துக்கத்தில் தூங்குவீர்கள், எனக்குக் காலையில்தான் நீங்கள் வேண்டும் என்று முடித்துவிட்டாள். கேரம் பலகை எங்கேயும் ஓடிப்போகாதாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இதையெல்லாம் கமுக்கத்திடம் கொட்டினேன்.

கமுக்கம் என்பது எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரன். வேறு கிளையிலிருந்து மாற்றலாகி வந்தவன். அவனுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். வாயைத் திறக்கவே மாட்டான். நாம் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பான். அவனுக்குள் போன விஷயம் வெளியே வராது. அதனால் தினமும் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது கூடவே என் மனதையும் திறந்துவிடுவேன். என் மனைவி, அவள் அண்ணன், அவள் அம்மா, அந்தப் பெரியப்பா என்று ஒருவரையும் விட்டு வைத்ததில்லை. சாவி விஷயத்தை மட்டும் அவனிடம் நாலைந்து தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பான். பெரியப்பாவின் நடையை நான் நடித்துக் காட்டினால் அவனுக்குப் புரையேறிவிடும். அப்படி ஒரு ரசிகன்.

ஒரே ஒரு சங்கடம், இறுதிப் போட்டியில் எனக்கு எதிராளியும் அவனேதான். அதனால் என்ன? பலகைக்கு வெளியே நண்பர்கள்தானே. என் கஷ்டத்தைக் கேட்டதும் அவனுக்கே மனசு தாங்கவில்லை.

"டிவிடி ஓடினாத்தானே சார் பிரச்சினை?" என்றான்.

"அதை உடைச்சுட்டா என்னையும் உடைச்சுடுவா தம்பி."

"டிவிடியை ஏன் சார் தொடறீங்க? கம்ப்யூட்டருக்கு டிரைவே தெரியலைன்னா?"

எங்கள் வீட்டில் டிவிடி பார்க்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டர்தான் கதி. தனியாக இருந்த பிளேயர் எப்போதோ பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. கமுக்கம் தன் கம்ப்யூட்டரிலேயே செய்து காட்டினான். டிவைஸ் மேனேஜர் என்று ஒரு இடம். கம்ப்யூட்டருக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று அங்கே வரிசையாக எழுதியிருக்கிறது. அதில் டிவிடி டிரைவைத் தேடிப் பிடித்து, 'டிஸேபிள்' என்று ஒரு அழுத்து. அவ்வளவுதான். அதற்கப்புறம் டிரைவ் கண்ணெதிரே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும், தட்டு வெளியே வரும், உள்ளே போகும், விளக்கு எரியும், ஆனால் கம்ப்யூட்டர் அதைப் பார்த்து நீ யார் என்று கேட்கும். வேண்டும்போது அதே இடத்தில் 'எனேபிள்' அழுத்தினால் பழையபடி உறவு வந்துவிடும். யாருக்கும் சந்தேகம் வராது.

தனக்கு எதிராக ஆடப்போகிறவனுக்கே இப்படி உதவுகிற மனசு யாருக்கு வரும்? அன்று அவனுக்கு என் செலவில் டீ வாங்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் சார் என்று பணிவாகச் சொன்னான்.

சனிக்கிழமை சாயங்காலம் என் மனைவி மாடியில் துணி எடுக்கப் போன சமயத்தில் காரியத்தை முடித்தேன். ஒரே அழுத்து. டிரைவ் காணாமல் போனது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுலபமாக எனக்கு எதுவும் நடந்ததில்லை. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை. குளித்து, தலைவாரி, பாடம் படிக்கத் தயாராக இருக்கும் நல்ல பிள்ளையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். என் மனைவி பக்கத்து நாற்காலியில். டிவிடியை நானே வாங்கித் தட்டில் வைத்து, தட்டை உள்ளே தள்ளினேன். விளக்கு எரிந்தது. கல்யாணம் வரவில்லை. மை கம்ப்யூட்டரைத் திறந்தேன். டிரைவ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

"அடடா," என்றேன். அந்த ஒரு வார்த்தையைக் குளியலறையில் பல விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"என்னாச்சு?"

"கம்ப்யூட்டருக்கு டிரைவை அடையாளம் தெரியலை."

"உங்க கூடவே இருக்குல்ல, பழகிடுச்சு போல," என்றாள் என் மனைவி.

பெரிய மனுஷன் சின்னப் பேச்சைக் கண்டுகொள்ளக் கூடாது. முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, இது ஆபரேட்டிங் சிஸ்டம் சம்பந்தப்பட்ட சிக்கல், உள்ளே அதை இயக்குகிற டிரைவர் புரோகிராம் போயிருக்கலாம், அல்லது ரெஜிஸ்ட்ரி கெட்டிருக்கலாம், எதற்கும் திறந்து பார்த்துவிட வேண்டும் என்று வாயில் வந்ததையெல்லாம் அடுக்கினேன். என் கணக்கு இதுதான். அரை மணி நேரம் கேபினட்டைத் திறந்து வைத்து வேடிக்கை காட்டுவது. பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இது நம்மால் ஆகாது, நாளைக்கு மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போவது.

கம்ப்யூட்டரைத் தூக்கிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்த தூசியைப் பார்த்தால் ஒரு செடியே வைக்கலாம். என் மனைவி டார்ச் பிடித்தாள். இடையில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"இங்க பாரு, இது டெக்னிக்கல் வேலை. நடுவுல பேசாதே. எதையும் தொடாதே. வெளிச்சத்தை மட்டும் காட்டு."

அவளும் வெளிச்சத்தை மட்டும் காட்டினாள். நான் ஸ்குரூக்களைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டேன். டிரைவின் பின்பக்கம் இருந்த வயர்களைப் பிடுங்கி வாயால் ஊதினேன். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். மூக்குக்குள் தூசி போய் நாலு தும்மல் போட்டேன். நடிப்பு என்று வந்துவிட்டால் எனக்கு முழு ஈடுபாடு வந்துவிடும். பிறகு வயரைச் செருகி, கம்ப்யூட்டரை எழுப்பினேன். பட்டனை அழுத்தினால் தட்டு அழகாக வெளியே வந்தது, உள்ளே போனது. மை கம்ப்யூட்டரில் டிரைவ் இல்லை. இருக்காது என்று எனக்குத்தான் தெரியுமே.

நெற்றியைத் துடைத்தேன். நம்மால் ஆகாது என்று ஆரம்பித்தேன்.

"சரி, ஒண்ணு பண்ணலாம்," என்றாள் என் மனைவி. "மூணு மணி நேரமெல்லாம் வேண்டாம். முதல் பத்து நிமிஷம் மட்டும் பார்த்துடுங்க. அதுக்கப்புறம் நீங்க தாராளமா ஃபைனலுக்குப் போங்க. மிச்சத்தைப் பத்தி நான் பேச்சே எடுக்க மாட்டேன்."

"இன்னிக்கா?"

"என்னிக்குமே."

எனக்குத் தலை கால் புரியவில்லை. பத்து நிமிடம்! கொட்டாவி விடுகிற நேரம். இவ்வளவு சல்லிசாக விடுதலை கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் தூசியைத் தின்றிருக்கவே வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். மேஜையில் இப்படிக் குடலைப் பிரித்துப் போட்டுவிட்டு வாசற்படி தாண்டக் கூடாது. டிரைவ் ஓட வேண்டும், பத்து நிமிடம் பார்க்க வேண்டும், அப்புறம்தான் வண்டிச் சாவி. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

"முயற்சி பண்றேன்," என்றேன், மிகவும் தயங்குகிறவன் போல. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. அவள் காபி போட உள்ளே போனதும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். எனேபிள் அழுத்துவதற்காக டிரைவைத் தேடினேன்.

டிரைவ் இல்லை. டிஸேபிள் ஆகிக் கிடக்கவில்லை. ஆளே இல்லை. மவுஸ் இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, நான் என்றைக்கோ தூக்கிப் போட்ட பிரிண்டர்கூட அந்த வரிசையில் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது. டிவிடி டிரைவ் என்ற பேச்சே இல்லை. எனேபிள் பண்ணுவதற்கு ஆள் வேண்டாமா? நேற்று நான் அறையைப் பூட்டினேன், இன்று வந்து பார்த்தால் அறையையே காணோம்.

வேர்த்தது. இந்தத் தடவை நடிப்பு இல்லை. அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். தட்டு மட்டும் ஒவ்வொரு முறையும் நாக்கை நீட்டிக் காட்டுவது போல வெளியே வந்து போனது. தட்டு வருகிறது என்றால் வயர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் கோளாறு கண்ணுக்குத் தெரியாத எங்கேயோ இருக்கிறது. அரை மணி நேரத்துக்கு முன்னால் நான் என் மனைவியிடம் அளந்துவிட்ட அத்தனை வியாதியும் இப்போது நிஜமாகவே வந்துவிட்டதோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

கொல்லைப் பக்கம் போய்க் கமுக்கத்துக்குப் போன் போட்டேன். பின்னால் கேரம் காய்கள் மோதும் சத்தம் கேட்டது. மன்றத்துக்கு முன்கூட்டியே போய்க் கையைப் பழக்கிக்கொண்டிருக்கிறானாம். நிலைமையைச் சொன்னேன். பதறாமல் கேட்டுக்கொண்டான்.

"அவசரப்படாதீங்க சார். டிரைவர் எல்லாத்தையும் அழிச்சுட்டு, சிஸ்டத்தை முழுசா ஒரு ஸ்கேன் விடுங்க. தானா கண்டுபிடிச்சுக்கும்."

"நேரமாகுமா?"

"ஆகட்டுமே சார். நல்லபடியா முடியணும்ல."

விட்டேன் ஒரு ஸ்கேன். திரையில் ஒரு பச்சைக் கோடு வளர ஆரம்பித்தது. நகம் வளர்வதை உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? அதை விட மெதுவாக வளர்ந்தது. என் மனைவி காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். பேசவில்லை. பேசாதே என்று சொன்னது நான்தானே. அவ்வப்போது கேபினட்டை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை, கீரையை ஒரு பார்வை. மூன்றையும் ஒரே மாதிரிதான் பார்த்தாள்.

ஸ்கேன் முடிந்தது. எந்தக் குறையும் இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. டிரைவ் மட்டும் இல்லை.

மறுபடி கொல்லைப்புறம், மறுபடி கமுக்கம். பழைய தேதிக்குச் சிஸ்டத்தைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னான். வியாழக்கிழமை டிரைவ் நன்றாகத்தானே இருந்தது, கம்ப்யூட்டரை அந்த நாளுக்கே கூட்டிப் போய்விட்டால் அதற்கு டிரைவ் ஞாபகம் வந்துவிடுமாம். இந்த யோசனையின் அழகில் நான் மயங்கிவிட்டேன். எனக்கும் அப்படி ஒரு வசதி இருந்தால் எந்தத் தேதிக்குத் திரும்பிப் போவேன் என்று யோசித்தேன். சத்தமாக யோசிக்கவில்லை.

கம்ப்யூட்டர் வியாழக்கிழமைக்குப் புறப்பட்டது. "தயவுசெய்து அணைக்க வேண்டாம்" என்று திரையில் எழுதியிருந்தது. நான் அணைக்கவில்லை. கடிகாரமும் நிற்கவில்லை. பத்து மணி ஆனது. மன்றச் செயலாளர் போன் பண்ணினார். அவர் எங்கள் அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பர், விதி என்றால் விதி என்கிற ஆள். பத்தரைவரை பார்ப்பேன், அதற்கு மேல் ஆட்டம் எதிராளிக்கு என்றார். நான் கெஞ்சினேன். எதிராளியையே கேட்டுப் பாருங்கள், அவன் என் நண்பன், காத்திருக்கச் சம்மதிப்பான் என்றேன். அவர் அந்தப் பக்கம் கேட்டார். திரும்பி வந்தார்.

"விதிப்படி நடக்கட்டும்னு சொல்றார் சார். ரொம்ப வருத்தத்தோட சொல்றார்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவன் நிலைமையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கம்ப்யூட்டர் வியாழக்கிழமைக்குப் போய்ச் சேர்ந்தது. வியாழக்கிழமையிலும் டிரைவ் இல்லை.

அப்புறம் நான் செய்ததை விவரமாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கம்ப்யூட்டரைத் தட்டினேன். தடவினேன். ஒரு கட்டத்தில் அதனிடம் மரியாதையாகப் பேசினேன். என் மனைவியிடம் சாவியைக் கேட்டேன், போய்விட்டு வந்து சரி பண்ணுகிறேன் என்று சத்தியம் செய்தேன். முதலில் டிரைவ் என்றாள். பஸ்ஸில் போகலாம் என்றால் மன்றம் ஊரின் அந்தக் கோடி. போய்ச் சேர்வதற்குள் கப்பைப் பாலீஷ் பண்ணி அலமாரியில் வைத்திருப்பார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒரு இறுதிப் போட்டி வருகிறது, அன்றைக்குப் பார்த்து நான் சாப்பாட்டு மேஜையில் ஒரு இரும்புப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பத்தரைக்குப் போன் அடித்தது. செயலாளர்தான். ஆட்டம் ஆடாமலே முடிந்தது. எல்லோரும் என் உடல்நிலையை விசாரித்தார்களாம்.

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். என் மனைவி கீரைக் கட்டை ஓரமாக ஒதுக்கினாள்.

"இப்ப நான் பேசலாமா?"

பேசு என்று கையைக் காட்டினேன். இனிமேல் என்ன போய்விடப் போகிறது?

"காலைல பின்னாடி இருந்து ரெண்டு வயரைப் பிடுங்கினீங்க. ஒண்ணைத்தான் திரும்பச் செருகினீங்க. சிவப்பா ஒண்ணு அந்த மூலைல தொங்கிட்டிருக்கு பாருங்க."

பார்த்தேன். தொங்கிக்கொண்டிருந்தது. நான் செருகியது கரண்ட் வருகிற வயர். அதனால்தான் தட்டு வந்தது, விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரோடு பேசுகிற வயர் அந்தரத்தில் கிடந்தது.

"இதை அப்பவே சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? டெக்னிக்கல் வேலை, நடுவுல பேசாதேன்னீங்க. வெளிச்சம் மட்டும் காட்டச் சொன்னீங்க. அந்த வயர் மேலதான் அப்ப வெளிச்சம் காட்டிட்டிருந்தேன்."

சிவப்பு வயரைச் செருகினேன். கம்ப்யூட்டர் எழுந்தது. வியாழக்கிழமை அல்லவா, எனேபிள்கூடப் பண்ண வேண்டியிருக்கவில்லை. டிரைவ் தன் இடத்தில், ஒன்றுமே நடக்காதது போல வந்து உட்கார்ந்தது. உள்ளே கிடந்த டிவிடி தானாகச் சுழன்றது. ஒன்றரை வருஷத்துக்கு முந்தின மண்டபம், வண்ண விளக்கு, காது கிழிகிற இசை. தப்பித்துப் போக இனி எந்த இடமும் இல்லை என்பதால் பார்த்தேன்.

முதலில் பெண்ணைக் காட்டினார்கள். பிறகு கேமரா ஒரு ஜோடிப் பளபள ஷூவில் ஆரம்பித்து, கோட், டை என்று மெதுவாக மேலே ஏறியது. மாப்பிள்ளையாம். முகம் பூராவும் பவுடர். அந்தப் பவுடருக்குள்ளிருந்து, வாயைத் திறக்காமல், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு சிரிக்கிற ஒரு சிரிப்பு.

என் மனைவி அங்கேயே நிறுத்தினாள். பரீட்சையின் முதல் கேள்வியைக் கேட்டாள்.

"இவர் யாரு?"

கமுக்கம். என் பக்கத்து நாற்காலி. அந்தக் கல்யாணத்தில் நான் இரண்டு பந்தியைப் பார்த்தேன், மின்விசிறியைப் பார்த்தேன், மாப்பிள்ளையை மட்டும் பார்க்கவில்லை. மேடைப் பக்கம் கூட்டமாக இருந்ததே.

"என்ன முறை?"

"சகலை," என்றேன்.

"சரியான விடை. உங்க ஆபீசுக்கு மாற்றலாகி வந்த அன்னிக்கே அக்கான்னு கூப்பிட்டுப் போன் பண்ணினார். அவர் வணக்கம் சொல்ல வந்தா, நீங்க முந்திக்கிட்டு, தம்பி புதுசா, எங்க வீட்டுல ஒரு பெரியப்பா இருக்கார்னு ஆரம்பிச்சீங்களாம். குறுக்கே பேச மரியாதையா இல்லையாம். எப்ப அவரை அடையாளம் கண்டுபிடிப்பீங்கன்னு இத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தார், பாவம். நீங்க டப்பாவைத் திறந்ததும் விடற பெருமூச்சுவரைக்கும் எனக்கு அன்னன்னிக்கே வந்துடும்."

எத்தனை மத்தியானம். எத்தனை டப்பா. பெரியப்பாவின் நடையை அவருடைய சொந்த மருமகனுக்கே நடந்து காட்டியிருக்கிறேன். அவனுக்குப் புரையேறியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

"அப்ப இந்த டிஸேபிள்?"

"வெள்ளிக்கிழமை நீங்க டீ வாங்கிக் கொடுத்தீங்களே, அதைக் குடிச்சுக்கிட்டே போன் பண்ணினார். இருந்தாலும் எனக்கு மனசு கேட்கலை. பத்து நிமிஷம் பார்த்திருந்தா உங்களுக்கே எல்லாம் புரிஞ்சிருக்கும், ஆடப் போயிருக்கலாம். வயரைப் பிடுங்கினது நீங்க. அதுல எங்க பங்கு ஒண்ணும் இல்லை."

என் மனைவி எழுந்தாள். கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போகிற வழியில் டிவி மேலே நான் கப்புக்காக ஒதுக்கி வைத்திருந்த இடத்தை முந்தானையால் ஒரு துடை துடைத்தாள்.

"சாயங்காலம் தங்கச்சியும் அவரும் கப்பை எடுத்துக்கிட்டு நேரா இங்கதான் வர்றாங்க. கதவைத் திறந்ததும் யாரு வேணும்னு கேட்டுடாதீங்க."